கூச்சம் தேயும், அச்சம் தேயுமா?

வயதோடு மாறும் சபைக் கூச்சம் பற்றி ஒரு பாடம்

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" மனிதனின் வாயையும் கையையும் ஒருசேரக் கட்டிப் போடும் கேள்வி இது. ஒரு வயதுக் குழந்தைக்கு இக்கேள்வி இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ இதைத் தவிர வேறு கேள்வியே இல்லை என்று சொல்லிவிடலாம். அறுபது வயது ஆயா "நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாங்க" என்று கூறி, வெற்றிலையை மென்றபடி நடந்து போகிறார்.

கொழுந்து மடுவத்தில் நிறுவை நடக்கும்போது இது நன்றாகத் தெரியும். புதிதாகப் பேர் பதிந்த பெண், தராசில் என்ன விழுந்தது என்று கூடப் பாராமல் கூடையைத் தூக்கிக் கொண்டு ஒதுங்குகிறாள். பின்னால் நிற்கும் ஆயாவோ, "என்ன தம்பி, நேத்தும் இதே கூடைதான், இன்னைக்கு மட்டும் எப்படி ரெண்டு கிலோ கொறையுது?" என்று கணக்கப்பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடுகிறார். மற்றவர்கள் "ஐயா" என்று அழைக்கும் மனிதரைத் "தம்பி" என்று அழைக்கும் உரிமையை வயது அவருக்குக் கொடுத்திருக்கிறது.

ஆனால் இதே ஆயாவை அடுத்த வாரம் நுவரெலியாக் கச்சேரியில் பாருங்கள். பேரன் வயதுடைய லிகிதர் ஒருவரை "மாத்தயா" என்று அழைத்து, கேட்க வந்ததைப் பாதியிலேயே விழுங்கிவிட்டு, "இன்னொரு நாள் வாங்க" என்ற ஒரு வார்த்தையோடு திரும்பி வருகிறார். மடுவத்தில் அத்தனை துணிச்சல் காட்டியவருக்குக் கச்சேரியில் வாய் அடைத்துப் போவது ஏன்? இந்த ஏன் என்ற கேள்வியே இன்றைய நம் பாடம்.

1. கூச்சம் எப்போது பிறக்கிறது?

கூச்சம் மனிதனோடு கூடப் பிறப்பதல்ல. உளநூலார் செய்து காட்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புச் சாயம் தடவி, கண்ணாடியின் முன் நிறுத்துவார்கள். ஒரு வயதுக் குழந்தை கண்ணாடியில் தெரிவது வேறொரு பிள்ளை என்றெண்ணிக் கையை நீட்டும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலான குழந்தைகள் தம் மூக்கையே தொட்டுப் பார்க்கும். "இது நான்" என்ற அறிவு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த அறிவோடு கூடவே, பிறர் பார்க்கும்போது தலையைக் குனிவதும் தாயின் சேலைக்குள் முகத்தை மறைப்பதும் தொடங்குகின்றன.

மனித வளர்ச்சியை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டிய எரிக் எரிக்சன் என்ற அறிஞர், 1950இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ இரண்டு மூன்று வயதை இரண்டாவது படியாகக் குறித்தார். "என்னால் முடியும்" என்ற உணர்வும் வெட்கமும் ஒன்றோடொன்று போட்டியிடும் காலம் அது. தானாக உண்ண முயன்று சோற்றைச் சிந்திய பிள்ளையை இஸ்தோப்பில் நாலு பேர் முன்னால் வைத்து ஏசினால், அப்பிள்ளை கற்றுக் கொள்வது சிந்தாமல் உண்பதை அல்ல. யாரும் பார்க்கும்போது எதையும் செய்து பாராதிருப்பதையே.

2. கூச்சம் இறுகும் காலம்

கட்டிளமைப் பருவத்தில் கூச்சம் உச்சத்தை அடைகிறது. டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளநூலார் 1967இல் இதற்கு விளக்கம் ஒன்றைத் தந்தார். இவ்வயதினர் தம்மைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நின்று தம்மையே உற்றுப் பார்க்கிறது என்று எண்ணிக் கொள்கிறார்கள். இது கற்பனைச் சபை என்றார் அவர். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊர் முழுவதும் அதைப் பற்றியே பேசுகிறது என்று அவர்களுக்குத் தோன்றுவது இதனால்தான்.

தோட்டத்துப் பிள்ளைக்கோ இந்தச் சபை முழுக்க முழுக்கக் கற்பனையும் அல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் கட்டப்பட்ட லயத்து அறையில் தாய், தகப்பன், பாட்டன், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வாழும்போது, உடை மாற்றுவதற்கும் ஒரு மூலை கிடைப்பதில்லை. குளிப்பது பலரும் வந்து போகும் பீலியில். கழிப்பறைக்குப் போவது பல வீட்டு வாசல்களைக் கடந்து. ஒரு காம்பராவில் பேசியது அடுத்த காம்பராவில் கேட்கும். நேற்று வரை பீலியில் தம்பிமாரோடு தண்ணீர் அடித்து விளையாடிய சிறுமி, வயதுக்கு வந்து சடங்கு முடிந்த மறுநாளே "இனி அடக்கமா இரு" என்ற சொல்லைக் கேட்கிறாள். ஊரையே கூட்டி அவள் வளர்ந்துவிட்டாள் என்று அறிவித்தபின், யார் கண்ணிலும் படாதே என்றும் சொல்கிறோம்.

இதன் விலை சிறிதல்ல. இருட்டும் வரை கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக் கொள்ளும் பெண் பிள்ளைக்கு நோய் வருகிறது. மாதவிடாய்க் காலத்தில் தாங்க முடியாத வலி இருந்தாலும் டிஸ்பென்சரியில் ஆண் வைத்தியரைக் கண்டு "தலைவலி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறாள். பஸ் வண்டியில் ஒருவன் கைநீட்டினால், சத்தமிட்டால் எல்லோரும் தன்னைத்தானே பார்ப்பார்கள் என்று வாயை மூடிக் கொள்கிறாள். குற்றம் செய்தவனுக்கு வரவேண்டிய வெட்கம் பாதிக்கப்பட்டவளுக்கு வந்து சேர்கிறது.

ஆண் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். கொழும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்த வாலிபனிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், "ஹட்டன் டவுன்" என்பான். தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டான். "தோட்டக்காட்டான்" என்ற இழிசொல் எங்கிருந்து வந்து விழுமோ என்று அவன் காது எப்போதும் எதிர்பார்த்துக் கொண்டே இருக்கிறது.

3. கூச்சம் தளரும் காலம்

நடு வயதில் நிலைமை மாறுகிறது. ஓர்த், ரொபின்ஸ், சோட்டோ என்ற ஆய்வாளர்கள் 13 முதல் 89 வயது வரையான 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வை 2010இல் வெளியிட்டார்கள். வெட்கவுணர்வு இளமையில் மிகுந்திருந்து, படிப்படியாகக் குறைந்து, ஏறக்குறைய ஐம்பது வயதில் மிகவும் தாழ்ந்த நிலையை அடைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் தவறு செய்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு அவ்வாறு குறைவதில்லை. முதுமை வரை அது வளர்ந்தே வருகிறது. வயதான மனிதர் மனச்சாட்சியை இழப்பதில்லை. நாலு பேரின் பார்வைக்குக் கொடுத்த மதிப்பைத்தான் குறைத்துக் கொள்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

தோட்டத்து வாழ்வில் இதற்குத் துணை செய்வது உறவுமுறை. மருமகளாக வந்தவள் மாமியாரின் முன் உட்காரவும் தயங்குவாள். அவளே தாயாகி, மாமியாராகி, அப்பாயி ஆகும்போது ஒவ்வொரு படியிலும் அவளுடைய குரல் சற்று உயர்கிறது. இழவு வீட்டில் இதைத் தெளிவாகக் காணலாம். இளம் பெண்கள் சுவரோரம் நின்று விசும்புவார்கள். மூத்த பெண்களே நடுவில் அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் பெருமையோடு, மருந்துக்குக் காசு கொடாத மகனின் குறையையும், ஏறிட்டுப் பாராத உறவினரின் குறையையும் அந்த ஒப்பாரியிலே சேர்த்துப் பாடிவிடுவார்கள். வேறு எந்தச் சபையிலும் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். எவரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

4. முதுமையில் நேரும் இரு மாற்றங்கள்

முதுமையில் இரண்டு வேறுபட்ட மாற்றங்கள் நேருகின்றன.

முதலாவது, வாய்க்குக் காவல் குறைகிறது. "இதைச் சொல்லாதே" என்று நம்மைத் தடுத்து நிறுத்தும் வேலையை மூளையின் முன்பகுதி செய்கிறது. அது முழு வளர்ச்சி அடைய இருபத்தைந்து வயதளவும் ஆகும். முதுமையில் அதுவே சற்றுச் சுருங்கவும் செய்கிறது. முதியவர்கள் பிறருடைய அந்தரங்க விடயங்களைப் பலர் முன்னிலையில் கேட்டுவிடுவது அதிகம் என்றும், அது முறையல்ல என்று அவர்களே ஒத்துக் கொள்கிறார்கள் என்றும் வொன் ஹிப்பெல் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 2005இல் எழுதினார்கள். மணமாகி ஆறு மாதமான பெண்ணைப் பஸ்ஸிலே கண்டு, "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று உரக்கக் கேட்கும் பெரியம்மாவை நாம் அறிவோம் அல்லவா? அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. உள்ளே இருந்த கடிவாளம் தளர்ந்திருக்கிறது. ஆயினும் கேட்கப்பட்டவளின் மனம் நோகிறது என்பதைப் பெரியவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று அவசியம். அடக்கமாக வாழ்ந்த ஒருவர், சில மாதங்களுக்குள் தகாத வார்த்தை பேசுவதும், பலர் முன் ஆடை களைவதும், கடையில் காசு கொடாமல் பொருளை எடுப்பதுமாக மாறினால், அது வயதின் இயல்பு அல்ல. மூளையின் முன்பகுதியும் பக்கப் பகுதியும் தேய்ந்து போகும் ஒருவகை நோய் உண்டு. பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடைப்பட்ட வயதிலேயே அது தலைகாட்டுகிறது. "பேய் பிடித்தது" என்று கோடாங்கியை அழைப்பதற்கும், "குடித்துக் கெட்டான்" என்று ஒதுக்குவதற்கும் முன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது மாற்றம் இதற்கு நேர் எதிரானது. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டு ஆய்வில், ஐம்பதளவில் தாழ்ந்த வெட்கவுணர்வு முதுமையில் மறுபடி உயர்வதும் காணப்பட்டது. காது கேளாமை, நடை தளர்தல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை புதிய வெட்கத்தைக் கொண்டு வருகின்றன. தோட்டத்தில் இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. நாற்பது ஆண்டு பெயர் பதிந்து உழைத்தவரின் பெயர் ஒருநாள் செக்ரோலில் இருந்து நீங்குகிறது. ஊழியர் சேமலாப நிதியில் வந்த பணம் மகளின் கல்யாணத்தோடும் கடனோடும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மொய் எழுதக் காசில்லை என்பதற்காகக் கல்யாண வீட்டுக்கே போகாமல் "கால் வலி" என்று வீட்டில் இருந்துவிடும் தாத்தாமார் எத்தனை பேர்! வாய் தளர்ந்ததைக் கண்டு சிரிக்கிற நாம், இந்த மௌனத்தைக் காண்பதில்லை.

5. கூச்சம் வேறு, அச்சம் வேறு

இனி, கச்சேரியில் வாயடைத்து நின்ற ஆயாவிடம் திரும்புவோம். அவர் மடுவத்தில் வென்றது கூச்சத்தை. கச்சேரியில் அவரை வென்றது அச்சம்.

கூச்சம் நம்மவர் பார்வையைப் பற்றியது; பழகப் பழக வயது அதைத் தேய்த்துவிடும். அச்சம் நம் மேல் அதிகாரம் உள்ளவரைப் பற்றியது. அதை வயது தேய்ப்பதில்லை. சில வேளை இன்னும் ஆழமாக்குகிறது. தோட்டத்து முதியவரிடம் உள்ள அச்சத்துக்கு வரலாறு உண்டு. துரை வரும் பாதையில் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, ஓரமாக ஒதுங்கி நின்ற தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று மக்களைப் பங்கு பிரித்தது. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நடந்தன. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலுமே வந்தன.

1955இல் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது அவருக்கு 33 வயது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது 48 வயது. அதுவரை கந்தோர் என்பது தன்னை ஏற்றுக் கொள்ளுமா தள்ளுமா என்று அறியாமல் கைகட்டி நின்ற இடம். மேலும், 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1987இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியபோது அவரது பள்ளிக் காலம் முடிந்து வெகுநாளாகியிருந்தது. இத்தகையவர் கந்தோரில் தடுமாறினால், "கிழவிக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேரப்பிள்ளைகள் சலித்துக் கொள்வது நியாயமாகுமா?

இதில் நாம் கவனிக்க வேண்டிய தலைகீழ் நிலை ஒன்று உண்டு. லயத்தில் முதியவர் பேசுகிறார், இளையவர் கூசுகிறார். கந்தோரில் இளையவருக்குச் சிங்களமும் விண்ணப்பப் படிவமும் தெரியும், அச்சமும் குறைவு. ஆனால் கூச்சம் அவரைத் தடுக்கிறது. முதியவருக்குக் கூச்சமில்லை, அச்சம் தடுக்கிறது. இருவரும் தனித்தனியே போனால் இருவருமே வாய் திறவாமல் திரும்பி வருகிறார்கள்.

6. அச்சம் எவ்வாறு நீங்கியது?

அச்சத்தை நீக்குவது வயதல்ல. கூட்டும் உரிமையும் ஆகும். நம் வரலாறே இதற்குச் சான்று.

1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மையார் கூட்டங்களில் பாடினார். பெண்கள் மேடையேறுவதே அரிதான காலம் அது. தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கிப் பாடியதோடு, 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். கேட்பதற்கே அஞ்சிய மக்களைப் பாட்டின் வழியாகக் கூட்டத்துக்கு இழுத்தார். அச்சம் வீணானது என்றும் சொல்வதற்கில்லை. அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். அஞ்சியவர்கள் கோழைகள் அல்லர். அஞ்சுவதற்குக் காரணம் இருந்தும் அவர்கள் கூடினார்கள். 1984இல் பெண் தொழிலாளருக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்ததும் சேர்ந்து நின்றதன் பயனே.

கடலுக்கு அப்பால், கேரளத்து மூணாறிலும் நம்மைப் போன்ற தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். 2015 செப்டெம்பரில் அங்கே போனஸ் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் வீதியில் அமர்ந்தார்கள். சங்கத் தலைவர்களையே ஒதுங்கச் சொல்லிவிட்டுத் தாங்களே பேசி, கேட்ட 20 வீதத்தைப் பெற்றார்கள். கணவன் முன்னிலையிலும் மெல்லப் பேசிய பெண்கள் பலர், பக்கத்தில் இன்னொருத்தி இருந்ததால் முதலமைச்சர் வரை கேட்கப் பேசினார்கள்.

2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கூடி, தோட்டத்தில் உழைக்கும் தம் பெற்றோருக்கு 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். தோட்டத்தின் பேரைச் சொல்லக் கூசிய கொழும்பு நகரிலேயே, "நாங்கள் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகள்" என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன நாள் அது. தனியொருவனைக் கூச வைத்த பேர், கூட்டமாகச் சொன்னபோது பெருமையாயிற்று.

7. நாம் செய்யக் கூடியவை

கந்தோருக்கும் வைத்தியசாலைக்கும் முதியவரையும் இளையவரையும் சேர்த்து அனுப்புங்கள். படிவத்தை இளையவர் எழுதட்டும். கேள்வியை முதியவர் கேட்கட்டும். கேட்க வேண்டியதை ஒரே வாக்கியமாக்கி வீட்டிலே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக் கொண்டு போவது மிகவும் உதவும். தமிழில் கேட்பது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில், அறை எவ்வளவு சிறிதாயினும், ஒரு மூலைக்குத் திரை கட்டுங்கள். அவளுடைய கூச்சத்தை அது மதிக்கும். மதிக்கப்பட்ட கூச்சம் நோயாக மாறாது. பஸ்ஸில் தொல்லை நேர்ந்தால் சத்தமிடலாம் என்று தாயே மகளுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கட்டும். பக்கத்தில் ஒரு ஆயா இருந்தால் அவரை அழைக்கவும் சொல்லட்டும்.

பிள்ளைகளை நாலு பேர் முன்னால் ஏசுவதை நிறுத்துவோம். கோயில் விழாவிலும், ஆலய வாசகத்திலும், சங்கக் கூட்டத்திலும், மாதர் மன்றத்திலும் நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கே திரும்பத் திரும்ப இடம் கொடாமல், பேசத் தெரியாதவரையும் எழுப்புவோம். சபையில் நின்று பழகாமல் சபைக் கூச்சம் போகாது.

முதியவர் ஒருவர் விழாவுக்கு வருவதை நிறுத்திவிட்டால், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் காரணத்தை மெல்லக் கேட்டறியுங்கள். மொய் வேண்டாம், நீங்கள் வந்து வாழ்த்தினால் போதும் என்ற ஒரு சொல் போதும், அந்தத் தாத்தா மறுபடி பந்தலில் வந்து அமர்வதற்கு.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. நம் தோட்டத்தில், நிறுவையிலோ சம்பளத்திலோ பிழை நேர்ந்தால் முதலில் வாய் திறப்பவர் யார்? மற்றவர்கள் திறவாதது கூச்சத்தாலா, அச்சத்தாலா?

2. நம் வீட்டுப் பெண் பிள்ளை தனக்குள்ள நோயை யாரிடம் கூசாமல் சொல்வாள்? அப்படி ஒருவர் இல்லையென்றால் யார் அந்த இடத்தை ஏற்பது?

3. நம்மிடையே கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக் கொண்ட முதியவர் யார்? இந்த வாரம் அவரைப் போய்ப் பார்ப்பவர் யார்?